தெருப் பிள்ளைகளுக்கு பைபிள் வகுப்பு: தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் தெருவில் பிள்ளைகள் நிறைய. உங்கள் வீட்டில் மொட்டை மாடி ஷெட் இருக்கிறது, பாட்டுச் சொல்லித்தர ஒரு தங்கச்சி இருக்கிறாள். அடுத்த ஞாயிறே பாய் விரித்து இயேசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

பிற மதத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் வரப்போகும் வகுப்பு இது. சபைப் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தும் ஓய்வுநாள் பள்ளி போல இதை நினைத்துவிட்டால் இரண்டாவது வாரமே வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி நியாயமாகவும் இருக்கும். ஓர் ஆசிரியை என்ற முறையில் எங்கள் பகுதியில் இதை ஒழுங்குபடுத்த நாங்கள் பட்ட அலைச்சலை வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நடத்துபவர்களுக்காகச் சொல்வது இது. வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் நான்காவது படியைத் தவறாமல் படியுங்கள்.

1. நாளைக் குறியுங்கள், அங்கிருந்து ஆறு வாரம் பின்னால் எண்ணுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஐந்து நாள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துவதுதான் சுலபம். எந்தத் தேதி என்றாலும், கீழே வரும் கடிதம், படிவம், சரிபார்ப்பு வேலைகளை அதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும். முழுஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது, ஜூனில் பள்ளி திறக்கிறது. மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கி மாதக் கடைசி வரை வாட்டும். தகர ஷெட்டுக்குக் கீழே பதினொரு மணிக்கு மேல் பெரியவர்களே உட்கார முடியாது. அதனால் காலை 8.30 முதல் 11 வரை போதும். மே கடைசி வாரத்தைத் தொடாதீர்கள். புத்தகம், யூனிஃபார்ம், ஃபீஸ் என்று வீடுகளில் தலைபோகிற வேலை நடக்கும். பாட்டி ஊருக்குப் போன பிள்ளைகளும் பாதிதான் திரும்பியிருப்பார்கள்.

உள்ளூர்க் கோயில் திருவிழா தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம் சித்திரைத் திருவிழா, மற்ற ஊர்களில் அம்மன் கோயில் கொடை. அந்த நாட்களில் வகுப்பு வைத்தால் போட்டிக்கு வைத்ததாகத்தான் ஊர் பேசும். நீங்கள் அப்படி நினைத்திருக்கவே மாட்டீர்கள், ஆனால் அதை யாரிடம் போய் விளக்குவது?

வாராந்தர வகுப்பு என்றால் ஞாயிறு மாலை 4 முதல் 5 வரை. சனிக்கிழமை டியூஷன்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

2. சபையின் கடிதம்

போதகரிடம் வாய்மொழியாகச் சொல்லி, “சரிம்மா, ஜெபத்தோட செய்ங்க” என்று அவர் சொன்னது போதாது. லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். எந்தத் தேதிகளில், எந்த முகவரியில் வகுப்பு நடக்கும், யார் யார் ஆசிரியர்கள், பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பின்னால் யாராவது வந்து “நீங்க யாரு, எந்த சர்ச்?” என்று கேட்டால் எடுத்து நீட்ட இந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

எங்களை அதிகம் இழுத்தடித்தது இந்தக் கடிதம்தான். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி மாதம் ஒரு முறைதான் கூடும். அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் போய் நின்றால் ஒரு மாதம் போச்சு. கூட்டத் தேதியை முதலிலேயே விசாரித்து, கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கையெழுத்துக்குக் கொண்டு போங்கள்.

3. பெற்றோர் வாசல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிள்ளைகளிடம் முதலில் சொல்லாதீர்கள். “நாளைக்கு பாட்டு, கேம்ஸ், ஸ்வீட் எல்லாம் இருக்கு, வாங்க” என்று தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் சொல்வது சுலபம். முப்பது பேர் வந்துவிடுவார்கள். அவர்கள் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் வந்த முப்பது பேர். முதலில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல், அப்பாவும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு பேராகப் போங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். “நீதிக்கதை வகுப்பு”, “பண்புக் கல்வி முகாம்”, “இலவச ஸ்போக்கன் இங்கிலீஷ்” என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே பைபிள் கதை சொல்வது நிறைய இடங்களில் நடக்கிறது. எனக்கு அது பிடிக்காது. நம்பிக்கையைப் பற்றிச் சொல்லப்போகிற நாமே வாசலில் பொய் சொல்லிவிட்டு உள்ளே போவதா?

எங்கள் தெருவில் ஓர் அம்மா வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கதை சொல்லுங்க, பாட்டுச் சொல்லிக் குடுங்க. பொட்டை அழிக்கச் சொல்லக் கூடாது. கையில கட்டியிருக்கிற கயிறை அவுக்கச் சொல்லக் கூடாது. சொன்னா அன்னைக்கே நிறுத்திருவேன்.” சரி என்று ஒப்புக்கொண்டோம். அதன் பிறகு மற்ற வீடுகளில் அவர்கள் கேட்கும் முன்பே நாங்களே இதைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் பலர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுத்த வீட்டை இரண்டாம் முறை தட்டாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை மதில் மேல் ஏறி எட்டிப் பார்த்தாலும், “அம்மாகிட்ட கேட்டுட்டு வா” என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அதில் வேண்டியவை:

- பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு
- பெற்றோர் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள்
- “இந்த வகுப்பில் பைபிள் கதைகள், கிறிஸ்தவப் பாடல்கள், ஜெபம் இடம்பெறும் என்பது எனக்குத் தெரியும். என் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் தெரியும்” என்ற வரிகள்
- ஒவ்வாத உணவு, வலிப்பு, ஆஸ்துமா போன்றவை
- பிள்ளையை அழைத்துப்போக வருபவர் பெயர்
- போட்டோ எடுக்கலாமா, கூடாதா
- கையெழுத்து, தேதி

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவத்தை முழுதாகப் படித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். ஆதார் நகல் கேட்காதீர்கள். அது தேவையும் இல்லை, கேட்டாலே சந்தேகம் வரும். பெற்றோரில் ஒருவர் சம்மதித்து மற்றவர் முகம் சுளித்தால் அந்தப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கு நாம் காரணமாகக் கூடாது.

4. சட்டம் எந்த அளவுக்கு

அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவது என்றால் தன் மதக் கருத்தை எடுத்துச் சொல்வது. இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமைக்குள் வராது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்காக இங்கே எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. வேண்டுமென்றே இன்னொரு மதத்தை இழிவுபடுத்தினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவு பாயும். மூன்று ஆண்டு வரை சிறை. ஒடிசா, மத்தியப் பிரதேசம், குஜராத், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பரிசு கொடுப்பதைக்கூட ஆசை காட்டுதல் என்று அங்கே வழக்காக்க முடியும். சிறாரை மதம் மாற்றியதாக வழக்கு வந்தால் தண்டனை கூடும் இடங்களும் உண்டு. அங்கே இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை நம்பி இறங்காதீர்கள். உள்ளூர் வழக்கறிஞரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பணம் பற்றி ஒன்று. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா “வி.பி.எஸ்.ஸுக்கு நான் ஐம்பதாயிரம் அனுப்பறேன்” என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் இந்த வேலைக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவது 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதே மாமா சுற்றுலா விசாவில் வந்திருந்தால் அவரை வகுப்பில் பேசவும் வைக்காதீர்கள். வந்து உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

5. இடம்

சொந்த வீடு என்றால் சிக்கல் குறைவு. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அடுக்குமாடியில் கம்யூனிட்டி ஹால் வேண்டுமென்றால் சங்கச் செயலருக்குக் கடிதம் கொடுத்து, வாடகைக்கு ரசீது வாங்குங்கள்.

அரசுப் பள்ளி வகுப்பறையோ அங்கன்வாடியோ தலைமையாசிரியர் நல்லவர் என்பதற்காகக் கேட்காதீர்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. மாட்டிக்கொள்ளப்போவது அந்தத் தலைமையாசிரியர்தான்.

வீட்டு வாசலில் நிரந்தரமாகச் சிலுவையும் போர்டும் மாட்டாதீர்கள். ஒரு கட்டடத்தை வழிபாட்டு இடமாக்குவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஐந்து நாள் வகுப்பைக் கொண்டுபோய் அந்தத் தகராறில் சிக்கவைக்க வேண்டாம்.

ஒலிபெருக்கி அறவே வேண்டாம். வைத்தால் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதி வாங்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல்தான். முப்பது பிள்ளைகள் கை தட்டிப் பாடினாலே அதைத் தாண்டிவிடும். மைக் இல்லாமல் பாடினால் நான்காவது வீட்டுக்குக் கேட்காது, புகாரும் வராது.

வீட்டுக்குள் நடக்கும் சிறு வகுப்பு என்றாலும், சபைக் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சிலர் “எதுக்கு நாமளே போய்ச் சொல்லணும்?” என்பார்கள். யாராவது 100க்கு அழைத்துப் போலீஸ் வாசலுக்கு வந்தபின் விளக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

6. ஆசிரியர்கள்

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒருவர் மட்டும் தனியாக எந்த அறையிலும் இருக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்கட்டும். கழிப்பறைக்குப் பெண்பிள்ளைகளை அக்காமார்தான் அழைத்துப்போக வேண்டும். வகுப்பு முடிந்து “நான் பைக்ல கொண்டுபோய் விட்டுடறேன்” என்று எந்த அண்ணனும் கிளம்பக் கூடாது. அவர் பாஸ்டர் மகனாக இருந்தாலும் சரி.

வெளியிலிருந்து வரும் ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பணம் கட்டி விண்ணப்பித்துக் காவல் சரிபார்ப்புச் சான்று வாங்கலாம். இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை, வீட்டிலோ வேறெங்கோ தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால் அதை ஜெபக் குறிப்பாக்கிவிட்டு நகரக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காதவருக்கும் சிறைத் தண்டனை உண்டு. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். “சபைக்குக் கெட்ட பேர் வந்துடும், பேசித் தீத்துக்கலாம்” என்று சொல்லும் பெரியவர் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

7. செலவு

முப்பது பிள்ளைகள், ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டு தோராயமாகச் சொல்கிறேன்:

- படிவங்கள், நகல்கள்: 150 ரூபாய்
- கலர் அடிக்கும் தாள்கள்: 300
- சார்ட், கிரேயான், பசை, கத்தரிக்கோல்: 900
- சுண்டல், பிஸ்கட், எலுமிச்சை ஜூஸ்: 1,800
- தண்ணீர் கேன்: 400
- ஜமக்காளம், ஃபேன் வாடகை: 500
- முதலுதவிப் பெட்டி: 300
- கடைசி நாள் சான்றிதழும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு நோட்டும்: 1,200

ஆக 5,550 ரூபாய். ஆறாயிரம் கையில் இருந்தால் நடத்திவிடலாம். புத்தகமும் பாட்டு சி.டி.யும் சேர்த்து விற்கும் ரெடிமேட் வி.பி.எஸ். பொருட்களை முதல் ஆண்டு வாங்க வேண்டாம். அவை சபைப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தவை. ஆதியாகமம் எது, சுவிசேஷம் எது என்று தெரிந்தால்தான் முதல் பக்கமே புரியும்.

மேலே சொன்ன சுண்டல், பிஸ்கட், ஜூஸ், கடைசி நாள் சான்றிதழ், நோட்டு தவிர எதுவும் கொடுக்காதீர்கள். ஸ்கூல் பேக், துணிமணி, ஃபீஸ் உதவி இவற்றையெல்லாம் வகுப்போடு கோக்கவே கூடாது. தெருவில் ஒரு குடும்பத்துக்கு உதவி தேவையென்றால் தாராளமாகச் செய்யுங்கள்; அவர்கள் பிள்ளை வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும் செய்யுங்கள். “ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வந்தா பென்சில் பாக்ஸ்” என்று அறிவிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அது மூன்றாவது படியில் நீங்கள் செய்த வேலையை எல்லாம் ஒரே நாளில் அழித்துவிடும்.

8. இரண்டரை மணி நேரத்தில் என்ன செய்வது

பாட்டு அரை மணி, கதை இருபது நிமிடம், மனப்பாட வசனம் பத்து நிமிடம். மீதி நேரம் கைவேலை, விளையாட்டு, சாப்பாடு. கதை இருபது நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசை கிள்ளத் தொடங்கிவிடும்.

சகேயு மரத்தில் ஏறியது, நல்ல சமாரியன், காணாமல் போன ஆடு, புயலை அமர்த்தியது, உயிர்த்தெழுதல்: ஐந்து நாளுக்கு இந்த ஐந்து போதும். சிலை வணக்கத்தைச் சாடும் கதைகள், பாகால் என்ற வேறு தெய்வத்தின் தீர்க்கதரிசிகளை எலியா தோற்கடித்த கதை, இவற்றின் பக்கம் போகாதீர்கள். கதை சொல்லும்போது சபைத் தமிழ் வேண்டாம். “ஆண்டவர் உன்னை ஆட்கொண்டார்”, “கிருபையாய் இரட்சித்தார்” என்றால் பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றும் விளங்காது. சகேயு குள்ளம், கூட்டத்தில் முன்னால் போக முடியவில்லை, அதனால் மரத்தில் ஏறினார் என்று சொல்லுங்கள். அவனுக்கு அது நன்றாகவே விளங்கும்.

வண்ணப் பக்கங்களை வைத்துச் சுவிசேஷம் சொல்லும் முறை சிறுவர் ஊழியத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது: பாவத்துக்குக் கறுப்பு, கழுவப்பட்ட இதயத்துக்கு வெள்ளை. தயவுசெய்து அதை இங்கே எடுக்காதீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பான பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி கறுப்பு பாவம் என்று எப்படிச் சொல்வது? ஏற்கெனவே பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீட்டிலும் அவள் கேட்டுச் சலித்த பேச்சு அது. முடிச்சு விழுந்த கயிறு, அவிழ்ந்த கயிறு என்று வேறு வழி எவ்வளவோ இருக்கிறது.

ஜெப நேரத்தில், “வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம், இல்லையென்றால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் போதும்” என்று ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். ராத்திரி தூங்காமல் அழுத பிள்ளையின் அப்பா காலையில் வந்து கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. காய்ச்சல் பிள்ளைக்கு ஜெபிக்கலாம். மருந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். “அக்கா, நான் கோயில் பிரசாதம் சாப்பிடலாமா?” “எங்க சாமி பொய் சாமியா?” முதல் கேள்விக்கு: “உங்க வீட்டுல அம்மா அப்பா சொல்றபடி நடந்துக்கோ.” இரண்டாவதுக்கு: “உங்க வீட்டுச் சாமியைப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன். நான் நம்புற இயேசுவைப் பத்தித்தான் இங்க சொல்றேன்.” எல்லா ஆசிரியர்களும் ஒரே பதிலைச் சொல்லும்படி முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

9. “நானும் இயேசுவை ஏத்துக்கறேன்” என்று ஒரு பிள்ளை சொன்னால்

சொல்லும். சில நேரம் மனதாரச் சொல்லும்; சில நேரம் அக்காவைப் பிடித்துப்போய்ச் சொல்லும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நம்மால் முடியாது. “சந்தோஷம், இதை வீட்டுலயும் சொல்லு” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே நீங்களும் அம்மா அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். “வீட்டுல சொல்லாதே” என்ற சொல் எந்த ஆசிரியர் வாயிலிருந்தும் வரக் கூடாது. பெயர் மாற்றுவது, ஞானஸ்நானம், படிவத்தில் கையெழுத்து எதுவும் பதினெட்டு வயதுக்கு முன் பேச்சிலேயே வர வேண்டாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு சண்டை போடும் சகோதரர்கள் சபையிலேயே இருக்கிறார்கள்.

அந்தச் சகோதரர்கள் கேட்கும் இன்னொன்று அறிக்கை: “எத்தனை ஆத்துமா?” அதாவது, எத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள் என்று. அந்த எண்ணை எழுதாதீர்கள். வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை போதும். பிள்ளைகள் கண்மூடி ஜெபிக்கும் போட்டோவை வாட்ஸாப் குழுவில் போடவே கூடாது. அது சபைக் குழுவிலிருந்து வேறு எந்தக் குழுவுக்குப் போகும், அங்கே என்ன தலைப்பு வைப்பார்கள் என்பதை உங்களால் கட்டுப்படுத்த முடியாது.

10. நிறைவு நாள்

கொடி பிடித்துக் கோஷம் போட்டுத் தெருவைச் சுற்றும் வி.பி.எஸ். பவனியை விட்டுவிடுங்கள். அதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும். பெற்றோர் சம்மதித்ததும் வகுப்புக்குத்தான், ஊர்வலத்துக்கு அல்ல. பதிலாக, கடைசி நாள் மாலை பெற்றோர் எல்லாரையும் அழையுங்கள். பிள்ளைகள் பாடட்டும், சகேயு நாடகம் போடட்டும். மறுத்த வீடுகளுக்கும் ஒரு தட்டு கேசரி அனுப்பலாம்.

மறுநாள் வேலைகள்: ரசீதுகளோடு கணக்கைக் கமிட்டியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்புதல் படிவங்களைப் பூட்டிய அலமாரியில் ஓராண்டு வைத்திருந்துவிட்டுக் கிழித்துப் போடலாம். தொலைபேசி எண்களைச் சபையின் வேறு எந்தப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள். ஜூனில் வாராந்தர வகுப்பு தொடங்குவதாக இருந்தால் அதற்குத் தனிப் படிவம், தனிக் கையெழுத்து. ஐந்து நாளுக்கு வாங்கிய சம்மதம் அதற்குச் செல்லாது.